வறட்சி தாங்கும் நெல்: பயிர் இனப்பெருக்க வரலாற்றில் ஒரு மறதியும் மீட்பும்

முன்னுரை

மலேசியத் தமிழர் இல்லங்களில் விரும்பி உண்ணப்படும் பொன்னி அரிசி தமிழ்நாட்டிலிருந்து வருவது என்பதை அனைவரும் அறிவர். ஆனால் அப்பொன்னியின் மூதாதையரில் ஒன்று மலாயா மண்ணில் விளைந்த நெல் என்பதை அறிந்தோர் சிலரே. 1950ஆம் ஆண்டுகளில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம், வெப்ப நாடுகளின் இண்டிகா நெல்லையும் கிழக்காசியாவின் ஜப்பானிக்கா நெல்லையும் கலப்புச் செய்யும் திட்டம் ஒன்றை ஒரிசாவின் கட்டாக் நகரில் நடத்தியது. அங்கு 1946இல் நிறுவப்பட்ட மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் தமிழ்நாட்டு நெல்லியல் அறிஞரான கே. இராமையா ஆவார். அத்திட்டத்தில் மலாயாவின் மாயாங் எபோஸ் 80 என்ற நெல்லும் தைவானின் தைச்சுங் 65 என்ற நெல்லும் கலப்புச் செய்யப்பட்டன. அக்கலப்பின் வழித்தோன்றல்கள் மலாயாவுக்கு அனுப்பப்பட்டு இங்கே தெரிவு செய்யப்பெற்றன. 1965இல் அவற்றுள் ஒன்று மசூரி என்ற பெயரில் வெளிவந்தது. லங்காவித் தீவின் கதையில் வரும் பெண்ணின் பெயரும் இதுவே.

மசூரி மீண்டும் இந்தியாவுக்குச் சென்றது. தமிழ்நாட்டில் அது பொன்னியாயிற்று. அதிலிருந்து தெரிவு செய்யப்பெற்ற வெள்ளைப் பொன்னி 1986இல் வெளியிடப்பட்டது. ஆந்திரத்தில் மசூரியைப் பெற்றோராகக் கொண்டு சுவர்ணா 1982இலும் சாம்பா மசூரி 1986இலும் உருவாயின. இவ்விரு நெல்லும் பின்னர் இந்தியாவின் மானாவாரி நிலங்களில் பல இலட்சம் ஹெக்டர் பரப்பில் பரவின. விளைச்சலும் சுவையும் உடைய இவற்றிடம் ஒரு குறை இருந்தது. பூக்கும் பருவத்தில் மழை பொய்த்தால் இவை தாக்குப்பிடிப்பதில்லை.

வறட்சி மிகுந்த நிலங்களில் வறட்சி தாங்காத நெல் எவ்வாறு இடம்பிடித்தது? அதற்கு முன் அந்நிலங்களில் விளைந்த நெல்லின் தாங்கும் இயல்பு எங்குப் போயிற்று? அதனை அறிவியலார் எப்போது, எவ்வாறு மீட்கத் தலைப்பட்டனர்? இவ்வினாக்களை வரலாற்று நோக்கில் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கட்டுரையாளர் வேளாண் அறிவியலாளர் அல்லர். எனினும் நெல்லின் வரலாறு தமிழர் வரலாற்றிலிருந்து பிரித்தற்கரியது என்பதனால் இம்முயற்சி பொருந்தும் எனக் கருதுகிறார்.

வறட்சி என்னும் சொல்

உழவர் வழக்கில் வறட்சி என்பது ஒரு சொல்லாயினும் பயிருக்கு அது ஒன்றன்று. முளைக்கும்போது வருவது, கிளைவிடும்போது வருவது, பூக்கும்போது வருவது என அதன் காலம் வேறுபடும். அதற்கேற்பப் பயிரின் தற்காப்பும் வேறுபடும். அறிவியலார் இத்தற்காப்பை மூவகையாகப் பகுப்பர். மழை முடிவதற்குள் விளைந்து முடிந்து வறட்சியிலிருந்து தப்புதல் முதல்வகை. ஆழ வேரோடி நீரைத் தேடியும், இலையைச் சுருட்டி நீரிழப்பைக் குறைத்தும் உடலில் நீர் குன்றாமல் காத்துக்கொள்ளுதல் இரண்டாம் வகை. உடலில் நீர் குன்றிய பின்னரும் உயிரணுக்கள் கெடாமல் தாங்குதல் மூன்றாம் வகை.

இப்பகுப்பு நூல்களில் எழுதப்படுவதற்கு முன்பே உழவர் முதல்வகையை நன்கு அறிந்திருந்தனர். அறுபதாங்குறுவை என்ற பெயரே அதற்குச் சான்று. குறுகிய நாளில் விளையும் நெல்லை மழை குறைந்த நிலத்துக்கும், நீண்ட நாள் நெல்லை ஆற்றுப் பாசனத்துக்கும் அவர்கள் ஒதுக்கினர். சங்க இலக்கியம் குறிஞ்சி நிலத்து மலைநெல்லை ஐவனம் எனத் தனிப்பெயரால் சுட்டுவதும் இங்கு எண்ணத்தக்கது. வயல்நெல் வேறு, வானம் பார்த்த நெல் வேறு என்ற வேறுபாடு அக்காலத்திலேயே சொல்லளவில் நிலைபெற்றிருந்தது.

பூக்கும் பருவத்து வறட்சியே நெல்லுக்குப் பெருங்கேடு. கதிர் பொதியாக இருந்து வெளிப்படும் சில நாள்களில் நீர் குன்றினால் கதிர்க்காம்பு நீள்வதில்லை. கதிரின் அடிப்பகுதி இலையுறைக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அதிலுள்ள பூக்கள் விரிவதில்லை. வெளிவந்த பூக்களிலும் மகரந்தம் மலடாகிறது. பின்னர் மழை பெய்து பயிர் பச்சை பிடித்தாலும் மணியில் பால் ஏறாது. உழவர் இதனைச் 'சாவியாய்ப் போயிற்று' என்பர். வயல் பசுமையாகத் தோன்றும். களத்தில் பதரே மிஞ்சும். பச்சை இலையைக் கண்டு பயிர் தாங்கிவிட்டது என்று எண்ணுதல் பிழையாகும். இப்பிழையை அறிவியலாரும் நெடுங்காலம் செய்தனர் என்பது பின்னர் விளங்கும்.

கோயம்புத்தூரில் தொடக்கம்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்துக்குப் பின்னர் அமைந்த பஞ்ச ஆணையம், 1880ஆம் ஆண்டு அறிக்கையில், மாகாணந்தோறும் வேளாண்துறை வேண்டும் எனப் பரிந்துரைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் வளர்ந்த வேளாண் ஆராய்ச்சிக்குப் பின்புலம் இதுவே. 1912இல் அங்கு நெல் இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. எஃப். ஆர். பார்னெல் அதன் பணியைத் தொடங்கி வைத்தார். இராமையா அதனை வளர்த்தெடுத்தார். உழவர் வயல்களில் கலந்து விளைந்த நெல்லிலிருந்து தனித்தனிச் செடிகளைத் தெரிந்து, அவற்றின் வழித்தோன்றலைத் தூய வரிசையாக நிலைநிறுத்துவதே அக்காலத்து முறை. 1921இல் வெளிவந்த ஜி.இ.பி. 24 என்ற சன்ன நெல் அந்நிலையத்தின் புகழை நிலைநாட்டியது. பார்னெல் வகித்த அரசுப் பொருளியல் தாவரவியலர் என்ற பதவிப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளே ஜி.இ.பி. ஆயின.

பஞ்சத்தின் விளைவாகத் தோன்றிய ஒரு துறை, பஞ்சம் தாக்கிய மானாவாரி நிலத்தைவிட ஆற்றுப் பாசன நிலத்துக்கே பெரிதும் பணியாற்றியது என்பது நோக்கற்பாலது. இதனைக் குற்றமாகக் கூறுதல் எளிது. ஆனால் காரணம் இருந்தது. நீர் ஒரு சீராக உள்ள வயலில் இரு நெல்வகைகளை ஒப்பிட்டால், வேறுபாடு நெல்லினால் ஏற்பட்டதா நிலத்தினால் ஏற்பட்டதா எனத் தெளிவாகச் சொல்ல இயலும். மழையை நம்பிய வயலில் ஒரு பாத்தியில் ஈரம் இருக்கும். அடுத்த பாத்தியில் இராது. ஓராண்டு பெய்யும், மறு ஆண்டு பொய்க்கும். அத்தகைய வயலில் செடியின் தகுதியை அளப்பது காற்றில் தராசு பிடிப்பது போன்றது. ஆகவே அறிவியல் தனக்கு அளக்க வசதியான வயலைத் தேர்ந்துகொண்டது.

குள்ள நெல்லின் காலம்

1960இல் பிலிப்பீன்சின் லாஸ் பான்யோசில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. இந்தோனேசியாவின் உயரமான பேத்தா நெல்லும் தைவானின் குள்ளமான டீ-ஜியோ-ஊ-ஜென் நெல்லும் கலந்து பிறந்த ஐ.ஆர்.8 என்ற நெல் 1966இல் வெளிவந்தது. மலேசியாவில் அது பாடி ரியா எனப் பெயர் பெற்றது. உயரமான நாட்டு நெல்லுக்கு உரமிட்டால் அது சாய்ந்துவிடும். குள்ள நெல் உரத்தை ஏற்று நிமிர்ந்து நின்றது. பசுமைப் புரட்சி என்று பேசப்படுவதன் உட்பொருள் பெரிதும் இவ்வொரு பண்பே எனலாம். இக்குள்ளத் தன்மைக்குக் காரணமான மரபணு எஸ்.டி.1 எனப்படும். ஜிபரெலின் என்ற வளர்ச்சி ஊக்கியை உருவாக்கும் நொதியில் ஏற்பட்ட குறையே அது என்பது 2002இல்தான் கண்டறியப்பட்டது.

1969இல் வெளிவந்து தமிழ்நாட்டு வயல்களில் நெடுங்காலம் நின்ற ஐ.ஆர்.20 நெல்லின் பெற்றோரில் ஒன்று டி.கே.எம்.6. அது ஜி.இ.பி.24இன் வழிவந்தது. ஆகவே புதிய நெல் முற்றிலும் அயலது என்ற கூற்றும், நாட்டு நெல் அடியோடு கைவிடப்பட்டது என்ற கூற்றும் ஒருசேர முழுமையற்றவை. தமிழில் இப்பொருள் பற்றி எழுதப்படுவன பலவும் பசுமைப் புரட்சியைப் போற்றுவனவாகவோ மரபு விதையைப் போற்றுவனவாகவோ அமைந்துவிடுகின்றன. வம்சாவளியைப் பார்த்தால் இரு தரப்புக்கும் இடைப்பட்ட உண்மை புலப்படும்.

வறட்சியை அந்நிலையம் மறந்துவிடவில்லை. 1970ஆம் ஆண்டுகளில் பல்லாயிரம் நெல்வகைகள் கோடைக்கால வயல்களில் விதைக்கப்பட்டு, நீர் நிறுத்தப்பட்டு, இலை சுருள்வதும் காய்வதும் கண்ணால் கண்டு மதிப்பெண் இடப்பட்டன. ஜான் ஓடூல் போன்றோர் வேரின் ஆழம், இலைத்துளையின் செயல், கதிர் வெளிப்படுதல் ஆகியவற்றை நுணுகி ஆராய்ந்தனர். பூக்கும் பருவத்து மலட்டுத் தன்மைக்குக் கதிர்க்காம்பு நீளாமையும் ஒரு காரணம் என மேலே கூறியது அவர் பங்கேற்ற ஆய்வுகளால் தெளிவுற்றதே. அறிவு வளர்ந்தது. ஆனால் உழவர் கைக்கு நெல் வந்து சேரவில்லை.

இதற்கு ஒரு கோட்பாடு தடையாக நின்றது. ஒரு பண்பு பெற்றோரிடமிருந்து வழித்தோன்றலுக்கு எந்த அளவு உறுதியாகச் செல்லும் என்பதை மரபியலார் மரபுவழித் திறன் என்பர். வறட்சியில் கிடைக்கும் விளைச்சலின் மரபுவழித் திறன் மிகக் குறைவு. ஆதலின் விளைச்சலை நேரடியாக நோக்கித் தெரிவு செய்தல் பயனற்றது என்பதே அக்கோட்பாடு. எனவே விளைச்சலை விடுத்து ஆழ்வேர், இலை சுருளாமை, உயிரணுவில் கரைபொருள்களைச் சேர்த்து நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றல் முதலிய துணைப் பண்புகளைத் தேடினர். 1990ஆம் ஆண்டுகளில் மூலக்கூற்று மரபியல் வளர்ந்தபோதும் இத்தேடலே தொடர்ந்தது. ஆழ்வேருடைய மேட்டுநில நெல்லும் கரைபொருள் சேர்க்கும் ஆற்றலுடைய தாழ்நில நெல்லும் கலப்புச் செய்யப்பட்டு, அவற்றின் வழித்தோன்றல்களில் இப்பண்புகளுக்குரிய மரபணுப் பகுதிகள் வரையப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆர். சந்திரபாபுவும் பிறரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது. இவை நல்ல ஆய்வுகளே. ஆயினும் வேர் ஆழமாக இருக்கும் செடி மணி நிறையத் தரும் என்பதற்கு உறுதியில்லை. மண்ணின் அடியில் நீரே இல்லையெனில் ஆழ்வேரால் ஆவதென்ன?

கேள்வி மாறிய காலம்

2002ஆம் ஆண்டு இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. முந்தைய ஆண்டில் ஏறத்தாழ 930 இலட்சம் டன்னாக இருந்த அரிசி விளைச்சல் அவ்வாண்டில் 720 இலட்சம் டன் அளவுக்கு வீழ்ந்தது. உயர் விளைச்சல் நெல் பரவிய முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னரும் ஒரு பருவத்து மழை நாட்டின் சோற்றில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்க வல்லதாயிருந்தது.

ஏறக்குறைய இக்காலத்தில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேரி அட்லின் தலைமையிலான குழு பழைய கோட்பாட்டைச் சோதிக்க முற்பட்டது. வறட்சியில் விளைச்சலை அளப்பது இயலாது என்பது உண்மையிலேயே செடியின் இயல்பா, அன்றி வயலை நடத்தும் முறையின் குறையா என்பதே அவர்தம் வினா. வறண்ட பருவத்தில், வடிகால் உள்ள சீரான வயலில் நட்டு, பயிர் பூக்கும் காலத்துக்குச் சற்று முன்னர் நீரை வடித்து, பல பாத்திகளில் மீண்டும் மீண்டும் விதைத்து, இறுதியில் இலையைப் பார்க்காமல் களத்து நெல்லை நிறுத்துப் பார்த்தனர். இவ்வாறு செய்தபோது வறட்சியில் விளைச்சலின் மரபுவழித் திறன், நீருள்ள வயலில் காணப்படுவதற்கு நெருங்கி நிற்பது தெரியவந்தது. முப்பதாண்டுகள் ஒரு துறையைத் திசைதிருப்பிய கோட்பாடு சரியாக அளக்காமையின் விளைவு என அறிந்தபோது அவர்கள் என்ன எண்ணியிருப்பர் என்று கட்டுரையாளர் வியந்ததுண்டு.

அதனைத் தொடர்ந்து வந்த கண்டுபிடிப்பு இன்னும் வியப்புக்குரியது. ஜார்க்கண்டின் ஹசாரிபாக் நிலையத்தில் உருவான வந்தனா வறட்சி தாங்கும் மேட்டுநில நெல். இந்தோனேசியாவின் வாய் ராரெம் வறட்சியில் வாடும் நெல். இவ்விரண்டின் கலப்பிலிருந்து பெற்ற 436 வரிசைகளை ஆராய்ந்து ஜெரோம் பெர்னியேவும் பிறரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டாம் குரோமோசோமில் உள்ள ஒரே பகுதி, கடும் வறட்சியில் விளைச்சலின் மரபியல் வேறுபாட்டில் பாதியளவுக்குக் காரணமாவது புலப்பட்டது. கியூ.டி.டி.ஒய். 12.1 எனப் பெயரிடப்பட்ட அப்பகுதியின் நன்மை தரும் வடிவம் வந்தனாவிலிருந்து வந்ததன்று. வாடும் இயல்புடைய வாய் ராரெமிலிருந்து வந்தது. வாய் ராரெமில் தனித்து நின்று பயன்தராத ஒன்று, வந்தனாவின் பிற மரபணுக்களோடு சேர்ந்தபோது பயன் தந்தது. வறட்சியில் வாடும் நெல்லை எல்லாம் கழித்துவிட்டு, வாடாதவற்றை மட்டும் தேடிய பழைய முறையில் இது ஒருபோதும் அகப்பட்டிருக்காது.

இதே காலத்தில், இத்தகைய நேரடித் தெரிவின் பயனாக, ஹசாரிபாக் நிலையமும் பன்னாட்டு நிலையமும் சேர்ந்து உருவாக்கிய ஒரு நெல் 2010இல் இந்தியாவில் சஹ்பாகி தான் என்ற பெயருடன் வெளிவந்தது. சஹ்பாகி என்பதற்குப் பங்கேற்பாளர் என்று பொருள். உழவரும் தத்தம் வயலில் விளைவித்துத் தெரிவில் பங்கேற்றமையால் அப்பெயர் அமைந்தது. இதன் பெற்றோரிலும் வாய் ராரெம் உண்டு. ஏறத்தாழ 105 நாளில் விளையும் இந்நெல் அடுத்த ஆண்டே வங்காளதேசத்தில் பிரி தான் 56 என்ற பெயரில் வெளியிடப்பட்டது. கடும் வறட்சியில் இது பிற நெல்லைவிட மிகுதியாகத் தருவது ஹெக்டருக்கு ஒரு டன் அளவில்தான். அது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அவ்வாண்டில் பக்கத்து வயல் முழுதும் சாவியாகியிருக்கும்போது ஒரு டன் என்பது ஒரு குடும்பம் ஊரை விட்டுப் பிழைப்புத் தேடிப் போகாமல் இருப்பதற்குரிய அளவு.

குள்ளத்தோடு போன பண்பு

இனி, முன்னர்க் கேட்ட வினாவுக்கு வருவோம். பழைய நெல்லின் தாங்கும் இயல்பு எங்குப் போயிற்று?

உத்தரப் பிரதேசத்தின் நகீனாவில் தெரிவு செய்யப்பெற்ற நகீனா 22 என்ற பழைய நெல் வறட்சியையும் வெப்பத்தையும் தாங்குவதில் பெயர் பெற்றது. அதனைச் சுவர்ணா, ஐ.ஆர்.64, எம்.டி.யு.1010 ஆகிய மூன்று பெருவழக்கு நெல்லோடும் கலந்து ஆராய்ந்த பிரசாந்த் விக்ரமும் பிறரும், முதல் குரோமோசோமில் வறட்சியில் விளைச்சலைக் காக்கும் ஒரு பகுதியை 2011இல் அறிவித்தனர். அப்பகுதி குள்ளத் தன்மைக்குரிய எஸ்.டி.1 மரபணுவின் அண்டையில் இருந்தது. ஒரே குரோமோசோமில் அருகருகே உள்ள மரபணுக்கள் பெரும்பாலும் பிரியாமல் ஒன்றாகவே வழித்தோன்றலுக்குச் செல்லும். குள்ளச் செடியைத் தெரிந்தெடுத்தவர்கள், தாம் அறியாமலேயே, அதன் அண்டையில் இருந்த வறட்சிக்கு ஈடுகொடாத வடிவத்தையும் தெரிந்தெடுத்தனர். உயரச் செடியைக் கழித்தபோது தாங்கும் வடிவமும் கழிந்தது. 2015இல் அதே குழு வெளியிட்ட ஆய்வு, பசுமைப் புரட்சி நெல்லின் வறட்சிக் குறைக்கு இத்தகைய பிணைப்பு ஒரு முதன்மைக் காரணம் எனக் காட்டியதோடு, அப்பிணைப்பை அறுத்துக் குள்ளமும் தாங்கும் இயல்பும் ஒருங்கே உடைய செடிகளைப் பெற இயலும் எனவும் நிறுவியது.

இங்கு ஒரு கருத்தை அழுத்திக் கூற வேண்டும். இம்மறதி எவருடைய சூழ்ச்சியுமன்று. ஐ.ஆர்.8ஐ உருவாக்கியவர்களுக்கு எஸ்.டி.1 எங்கிருக்கிறது என்பதே தெரியாது. நீர் நிறைந்த ஆய்வு வயலில் அவ்விழப்பைக் காணவும் வழியில்லை. ஆனால் எவ்வயலில் சோதிப்பது என்பதைத் தேர்ந்தவர் மனிதரே. மானாவாரி உழவரின் வயலில் சோதித்திருந்தால் இழப்பு சில பருவங்களிலேயே தெரிந்திருக்கும். கட்டுரையாளரின் பார்வையில் பொறுப்பு நிற்குமிடம் அதுவே.

வேர் பற்றிய பழைய தேடலும் பின்னர் ஒரு பயன் தந்தது. பிலிப்பீன்சின் மேட்டுநில நெல்லான கினாண்டாங் பாத்தோங்கிலிருந்து ஜப்பானிய அறிஞர் யூசாகு ஊகாவும் பிறரும் டி.ஆர்.ஓ.1 என்ற மரபணுவைப் பிரித்தெடுத்து 2013இல் அறிவித்தனர். அது வேரின் நீளத்தைக் கூட்டுவதன்று. வேர் இறங்கும் கோணத்தை மாற்றுவது. 1985இல் வெளிவந்து ஆசியா முழுதும் பரவிய ஐ.ஆர்.64இல் அம்மரபணுவின் ஓர் எழுத்து குறைந்திருந்ததனால் வேர் பக்கவாட்டில் படர்ந்தது. அக்குறையை நீக்கியபோது வேர் கீழ்நோக்கிச் சென்றது. வறட்சியிலும் விளைச்சல் நின்றது. ஆக, துணைப் பண்பைத் தேடியோர் முற்றிலும் தவறிவிட்டனர் எனத் தீர்ப்பளித்தலும் பொருந்தாது.

இராமநாதபுரத்து நெல்

தமிழ்நாட்டில் வறட்சியும் நெல்லும் ஒருங்கே வாழும் நிலம் இராமநாதபுரம். அங்கு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே உலர்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பே வழக்கம். மழை வந்தால் முளைக்கும். கண்மாய் நிரம்பினால் இறுதியில் ஒரு நீர் கிடைக்கும். நிரம்பாவிடில் வானமே கதி. இத்தகைய நிலத்துக்கெனப் பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 2009இல் அண்ணா 4 என்ற நெல்லை வெளியிட்டது. வட இந்தியாவின் பந்த் தான் 10ஐ ஒரு பெற்றோராகக் கொண்ட இது நூறு நாளைச் சற்றே கடந்து விளைவது. மழை முடியுமுன் விளைந்துவிடும் பழைய உத்தியே இதன் வலிமை எனலாம்.

அந்நிலத்து நாட்டு நெல்லும் ஆய்வுக்கு வந்தது. கோயம்புத்தூர் ஆய்வாளர்கள் நூற்றிப்பத்து என்ற நாட்டு நெல்லை ஐ.ஆர்.20 உடனும், நொறுங்கன் என்ற நாட்டு நெல்லை ஐ.ஆர்.64 உடனும் கலப்புச் செய்து, வறட்சியில் விளைச்சலைக் காக்கும் மரபணுப் பகுதிகளைத் தேடினர். பன்னாட்டு நிலையத்தில் செயற்கையாக நீர் நிறுத்திய வயலுக்கு மாறாக, உழவர் எதிர்கொள்ளும் இயற்கை வறட்சியிலேயே இவ்வரிசைகளை விளைவித்துப் பார்த்தது இவ்வாய்வுகளின் சிறப்பு.

விதைக்குள் சேர்க்கப்பட்டவை

2010க்குப் பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். மரபணுப் பகுதியின் அடையாளம் தெரிந்துவிட்டால், உழவர் விரும்பும் பழைய நெல்லோடு அப்பகுதியை மட்டும் சேர்க்க இயலும். நாற்றிலேயே ஓர் இலைத் துணுக்கைச் சோதித்து வேண்டிய செடியை மட்டும் வளர்க்கலாம். அதே முறையில் ஐ.ஆர்.64இல் அடை செல் என்ற நெல்லின் இரு பகுதிகள் சேர்க்கப்பட்டு, டி.ஆர்.ஆர். தான் 42 என்ற பெயரில் 2014இல் இந்தியாவில் வெளிவந்தது. மலேசியாவிலும் இம்முயற்சி நடந்தது. மார்டி 2001இல் வெளியிட்ட எம்.ஆர்.219 நெல்லில் மூன்று வறட்சிப் பகுதிகளை ஒருங்கு சேர்த்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. அம்மூன்றனுள் ஒன்று மேலே கண்ட கியூ.டி.டி.ஒய். 12.1 ஆகும். இந்நாட்டின் நெல் பெரிதும் பாசன நெல்லாயிற்றே எனக் கேட்கலாம். பாசனக் கால்வாயின் கடைக்கோடியில் நிலம் உடையவரைக் கேட்டால் விடை கிடைக்கும்.

வேற்றுயிரின் மரபணுவைப் புகுத்தும் வழியும் பிற பயிர்களில் பின்பற்றப்பட்டது. அமெரிக்காவில் 2011இல் ஏற்பளிக்கப்பெற்ற மக்காச்சோளத்தில் நுண்ணுயிரின் மரபணுவும், அர்ஜெண்டினாவில் 2020இல் ஏற்பளிக்கப்பெற்ற கோதுமையில் சூரியகாந்தியின் மரபணுவும் இடம்பெற்றன. நெல்லில் இவ்வழி பெரிதும் ஆய்வகத்தோடு நின்றது. மாறாக, நெல்லின் சொந்த மரபணுவையே திருத்தும் முறை வயலை நெருங்கியுள்ளது. 2009இல் சீன ஆய்வாளர்கள் டி.எஸ்.டி. என்ற மரபணுவைக் கண்டறிந்தனர். அது செயலிழந்தால் இலைத்துளைகள் குறைந்து நீரிழப்பும் குறைகிறது. எம்.டி.யு.1010 நெல்லில் அதனைத் திருத்தி உருவாக்கிய பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 என்ற நெல்லை 2025ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் இந்திய அரசு அறிவித்தது. அயல் மரபணு இல்லாத இத்தகைய திருத்தங்களுக்கு 2022இலேயே விதிவிலக்கு அளிக்கப்பட்டிருந்தது. சோதனைத் தரவுகள் போதுமானவையா என்ற ஐயத்தை அந்நாட்டின் இயக்கங்கள் சில எழுப்பின. கேரி அட்லின் குழுவின் பட்டறிவை நினைந்தால், எந்த வயலில், எந்தப் பருவத்து வறட்சியில், எத்தனை ஆண்டு நிறுத்துப் பார்த்தார்கள் என்று கேட்பது இந்நெல்லுக்கும் உரிய கேள்வியே.

பெயர்கள்

நகீனா 22, அடை செல், நூற்றிப்பத்து, நொறுங்கன், கினாண்டாங் பாத்தோங். இப்பெயர்களுக்குப் பின்னே, தலைமுறை தலைமுறையாக விதையைத் தெரிந்து வைத்த உழவர் எவருடைய பெயரும் ஆய்வேடுகளில் இல்லை. இந்தியாவின் 2001ஆம் ஆண்டுப் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டமும், மலேசியாவின் 2004ஆம் ஆண்டுப் புதிய தாவர வகைகள் பாதுகாப்புச் சட்டமும் இனி வருவனவற்றுக்கு ஓரளவு வழி செய்துள்ளன. ஏற்கெனவே மரபணு வங்கிக்குச் சென்றுவிட்டவற்றுக்கு எஞ்சியிருப்பது பெயர் ஒன்றே.

அப்பெயரும் ரோமன் எழுத்தில் சிதைந்தே பதிவாகியுள்ளது. நூற்றிப்பத்து என்பதை ஆய்வுக் கட்டுரையில் படிக்கும் அயல்நாட்டார்க்கு அது வெறும் ஒலி. தமிழர்க்கு அது ஓர் எண். பயிரின் நாள் கணக்கைக் குறித்த பெயராகக் கருதவும் இடமுண்டு. நொறுங்கன் என்பதன் பெயர்க்காரணம் மணியின் இயல்பைக் குறிப்பதா, நிலத்தைக் குறிப்பதா என்பது ஆராய்தற்குரியது. முக்கூடற்பள்ளு முதலிய பள்ளு நூல்கள் நெல்வகைப் பெயர்களை வரிசையாகத் தருகின்றன. பாடம் நடத்தும்போது நாம் அவ்வரிசைகளை விரைந்து கடந்துவிடுவது வழக்கம். லாஸ் பான்யோசின் மரபணு வங்கியில் உள்ள ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நெல்வகைகளின் பதிவேட்டையும் பள்ளு நூல்களின் இப்பட்டியல்களையும் அருகருகே வைத்து, எழுத்துச் சிதைவுகளைத் திருத்தி, எப்பெயர் எந்நிலத்துக்கும் எப்பருவத்துக்கும் உரியது என வரையறுக்கும் பணிக்குப் பயிரியலும் பண்டைத் தமிழும் ஆகிய இரண்டும் வேண்டும்.